ஆறு பேர் போட்டில் ஒன்பது பேர்

ப்ராஜெக்ட், ப்ளேஸ்மென்ட், அரியர் என்று ஆணி கொஞ்சம் அதிகம். அதனால்தான் இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. போன தடவை ஹாஸ்டல் சாம்பாரின் வேதியியல் பற்றி எழுதினேன். வார்டன் வரைக்கும் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் கோபப்பட முடியாத தலைப்பு: மோட்டார் படகை ஒழுங்காக ஓட்டுவது எப்படி?

கோபப்பட முடியாது என்றா சொன்னேன்? ஒருத்தனுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவன் கதைக்குக் கடைசியில் வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க மக்களே.

முதலில் ஊர் புராணம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போனவர்களுக்கு மரக்காணம் தெரியாமல் இருக்காது. பஸ் ஜன்னலுக்கு வெளியே கட்டம் கட்டமாகத் தண்ணீர், கரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். அதுதான் எங்க ஊர். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஆந்திராவிலிருந்து கடற்கரையை ஒட்டி வருகிற பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடமும் இதுதான். 1876-78 பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகச் சென்னையில் கூவத்தையும் அடையாறையும் இணைத்து அந்தக் கால்வாயில் ஒரு துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. லாரி வருவதற்கு முன்னால் உப்பும் விறகும் அதில் படகில்தான் போனது. ஆக, படகு எங்களுக்குப் புதுசு இல்லை. உல்லாசத்துக்குப் படகு ஓட்டுவதுதான் புதுசு.

அந்தப் பெருமை எங்க மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. துபாயில் ஒரு படகுக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தார். அங்கே பணக்காரர்களைக் கடலில் சுற்றிக் காட்டுவதுதான் வேலை. திரும்பி வந்தவர், எல்லாரையும் போல வீட்டுக்கு மாடி எடுக்காமல் ஒரு சின்ன ஃபைபர் போட்டும், செகண்ட் ஹேண்டில் ஒரு அவுட்போர்டு எஞ்சினும் வாங்கினார். வாடகைக்கு விடுவதில்லை, மீன் பிடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிமுகத்தில் ஒரு சுற்று. அவ்வளவுதான். "துரை வந்துட்டாரு" என்று மீனவர்கள் சிரிப்பார்கள். அத்தை சிரிக்க மாட்டார் :-)

போட்டின் பின்பக்கப் பலகையில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். 6 பேர், இத்தனை கிலோ என்று. ஓட்டுகிறவரையும் சேர்த்து ஆறு. எஞ்சினில் சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதன் ஒரு முனை எஞ்சின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். ட்ரெட்மில்லில் ஒரு சாவி இருக்குமே, அதே தத்துவம். மாமா அதை மாட்டாமல் எஞ்சினைத் தொடவே மாட்டார். நான் அதை 'மாமாவின் பூணூல்' என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

இப்போது கொசுவத்திச் சுருளைச் சுத்த விடுங்கள். 2024 ஜனவரி 17, காணும் பொங்கல்.

அப்போது நாங்கள் இரண்டாம் வருஷம். வகுப்பிலிருந்து ஏழு பேர் மரக்காணம் வந்தார்கள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து அசத்தினார். சாப்பிட்டு முடித்ததும் ஒருத்தன், "என்னடா, போட்டு இருக்குன்னு சீன் போட்டியே, எங்க?" என்றான். மாமாவும் அத்தையும் திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாவி எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியும். "மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

மாமா பையன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். வாசலில் வந்து வழியை மறித்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் உரிப்பாரு. போறதா இருந்தா நானும் வரேன்" என்றான். அவன் வந்ததால்தான் இந்தக் கட்டுரையை எழுத முடிகிறது.

ஏழு பேர், நான், அவன். ஒன்பது. தகட்டில் ஆறு. லைஃப் ஜாக்கெட் ஏழு. நீச்சல் தெரிந்த நானும் அவனும் போடவில்லை. போட்டவர்களில் பாதிப் பேர் பக்கிளை மாட்டவில்லை. "வேர்க்குதுடா". போட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் வழக்கமாக இருக்கிற இடைவெளியில் பாதிதான் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். சிவப்புக் கயிறு எஞ்சின் மேலேயே தொங்கியது.

பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜனவரியில் கழிமுகம் அழகு. மழைத் தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது, வெளிநாட்டுப் பறவைகள் இறங்கியிருக்கும். எதிரே ஒரு மீனவரின் ஃபைபர் போட் வந்தது. ரோட்டில் பைக் ஓட்டுகிற புத்தியில் நான் இடது பக்கம் ஒதுங்கினேன். அவர் தனக்கு வலது பக்கம் ஒதுங்கினார். எதிரெதிரே வரும்போது என் இடதும் அவர் வலதும் ஒரே பக்கம்! கடைசி நொடியில் அவர்தான் திருப்பிக்கொண்டு தப்பித்தார். போகிற போக்கில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதில் எழுதக்கூடிய ஒரே வார்த்தை "சோத்தாங்கை".

தண்ணீரில் விதி அதுதான். எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். இது மரக்காணத்து விதி இல்லை, உலகம் முழுக்க ஒரே விதி. கடலில் மோதலைத் தவிர்க்க 1972-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது. குறுகலான கால்வாயில் வலது ஓரமாகப் போக வேண்டும். குறுக்கே போகும்போது, உனக்கு வலது பக்கமிருந்து வருகிற மோட்டார் படகுக்கு நீ வழிவிட வேண்டும். முந்துகிறவன்தான் ஒதுங்கிப் போக வேண்டும். வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிற படகை விட்டு மோட்டார் படகு விலகிப் போக வேண்டும். ஒரு சின்ன ஹாரன் என்றால் "நான் வலது பக்கம் திரும்புகிறேன்", இரண்டு என்றால் இடது, மூன்று என்றால் ரிவர்ஸ், ஐந்து என்றால் "நீ என்ன செய்யறேன்னே புரியல". அன்றைக்கு அந்த மீனவர் ஐம்பது அடித்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத மீனவருக்கும் தெரிந்த விதி, மெக்கானிக்கல் படிக்கிற எனக்குத் தெரியவில்லை. ஏழு பேர் முன்னால் திட்டு வாங்கிவிட்டேன். அவமானம். போன மானத்தை மீட்க ஒரு வழி தோன்றியது. த்ராட்டிலை முறுக்கினேன். "புடிச்சுக்கோங்கடா" என்று கூடச் சொல்லவில்லை. கைப்பிடியை முழுசாக இடது பக்கம் தள்ளினேன். (அவுட்போர்டு கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும்.) போட் வெடுக்கென்று வலது பக்கம் திரும்பியது. இடது விளிம்பில் உட்கார்ந்து போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன் தண்ணீரில் விழுந்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஃபிசிக்ஸ் வகுப்பு. தூங்காமல் கேளுங்கள், உயிர் சமாச்சாரம்.

கார் திரும்பும்போது முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும், பின்பக்கம் அதே பாதையில் பின்னால் வரும். படகு அப்படி இல்லை. தள்ளுகிற எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதனால் படகு வலது பக்கம் திரும்பினால் அதன் பின்பக்கம் இடது பக்கமாக வெளியே சறுக்கும். அதாவது, வலது பக்கம் திருப்பினால் ஆள் விழுவதும் இடது பக்கம், ப்ரொப்பெல்லர் போவதும் இடது பக்கம். விழுந்தவனை நோக்கியே அது வரும்.

சரியான செயல் ஒன்று உண்டு. ஆள் எந்தப் பக்கம் விழுந்தானோ அந்தப் பக்கம் படகின் முன்பக்கத்தைத் திருப்ப வேண்டும். அப்போது பின்பக்கம் அவனை விட்டு விலகும். கேட்பதற்கு 'அவன் மேலேயே ஏற்றுவதா?' என்று பயமாக இருக்கும். ஆனால் அதுதான் சரி. அதைவிடச் சுலபமானது, எஞ்சினை உடனே நிறுத்துவது.

நான் இரண்டையும் செய்யவில்லை. கைப்பிடியை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை உறைந்துவிட்டது.

சட்டென்று எஞ்சின் சத்தம் நின்றது. மாமா பையன் என் இடுப்புக்கு மேலாகப் பாய்ந்து அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கியிருந்தான்.

ப்ரொப்பெல்லருக்கும் விழுந்தவன் காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. நான் பார்த்தேன். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. நண்பன் விழுந்ததும் எல்லாரும் அவனைத் தூக்க இடது பக்கம் எழுந்து ஓடினார்கள். போட் அந்தப் பக்கம் சாய்ந்து விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அதே நேரம், நாங்கள் கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து பின்பலகைக்கு மேல் அடித்தது. வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால் நம் அலை நம்மையே வந்து பிடிக்கும். "உக்காருங்க! எல்லாரும் கீழ உக்காருங்க!" என்று கத்தியதும் அந்தப் பத்தாவது படிக்கிற பையன்தான். உட்கார்ந்தார்கள். போட் நிமிர்ந்தது.

விழுந்தவன் பக்கிள் மாட்டவில்லை. ஜாக்கெட் மேலே ஏறி மூஞ்சியை மூடிவிட்டது. நல்லவேளை, அங்கே நெஞ்சளவு ஆழம்தான். சேற்றில் கால் ஊன்றி நின்றுவிட்டான். முழங்காலில் சிராய்ப்பு, போன் காலி. அவ்வளவுதான் சேதம்.

கரைக்கு வந்ததும் "எப்படிடா விழுந்தான்?" என்று ஒருத்தன் கேட்டான். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. "செல்ஃபி எடுக்க எழுந்து நின்னான்டா" என்றேன். அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய்.

அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு வகுப்பில் பெயரே 'செல்ஃபி'. ஃப்ரெஷர்ஸ் டே நாடகத்தில் அதை வைத்து ஒரு காமெடி சீன் போட்டார்கள். அதில் நானும் கை தட்டினேன். அவன் வீட்டில் ஒரு வருஷம் புது போன் வாங்கித் தரவில்லை. இதைப் படிக்கிற வகுப்புத் தோழர்களே, அவன் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தான். திருப்பியது நான். சொல்லாமல் திருப்பியது நான்.

மறுநாள், ஜனவரி 18. மாமா ஊரிலிருந்து வந்துவிட்டார். மாமா பையன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் போட்டில் ஈரம் இருந்தது, கயிறு மாற்றி மாட்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாயந்திரம் டி.வி.யில் செய்தி ஓடியது. குஜராத், வதோதராவில் ஹர்ணி ஏரி. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்துவிட்டது. பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள் இறந்துபோனார்கள்.

மாமா டி.வி.யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேத்து எத்தினி பேரு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒம்போது."

எழுந்து போய்விட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. படித்ததில் பயமுறுத்திய விஷயம், எந்த விபத்துமே புதுசாக இல்லை. நாங்கள் அன்றைக்குச் செய்த தவறுகளேதான், ஆள் கணக்கு மட்டும் வேறே.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள். நாங்கள் இடது பக்கம் ஓடியதுதான் நினைவுக்கு வந்தது.

2011 டிசம்பர் 25, நம்ம பழவேற்காடு. கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தோடு வந்தவர்கள் மீன்பிடிப் படகில் சுற்றப் போனார்கள். 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு மோசமான படகு இல்லை. அதில் ஏறுகிற நாலு மீனவர்களுக்கு எங்கே உட்கார வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று தெரியும். புடவை கட்டிய பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் அது கட்டப்படவில்லை.

2023 மே 7, கேரளாவில் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, இருட்டின பிறகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் போனார்கள். மறுபடியும் 22 பேர்.

2024 டிசம்பர் 18, மும்பை. எலிஃபெண்டா தீவுக்குப் போன பயணிகள் படகின் மேல், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப்படகு வந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள். மோதுவதற்கு முன்னால் அது தண்ணீரில் வளைந்து திரும்புகிற வீடியோ உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். என்னால் அதை இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

அந்தச் சிவப்புக் கயிறு பற்றியும் தேடினேன். 2013 மே மாதம், இங்கிலாந்தில் பேட்ஸ்டோ என்ற ஊர். சொந்தப் படகில் விடுமுறைக்குப் போன ஒரு குடும்பத்தில் ஆறு பேரும் ஒரு திருப்பத்தில் தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டியிருக்கவில்லை. ஆள் இல்லாத படகு எஞ்சின் ஓட ஓட வட்டம் அடித்துத் திரும்பத் திரும்ப அவர்கள் மேலேயே வந்தது. அப்பாவும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் அந்த ஸ்விட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது ஓட்டுகிறவர் அதை மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டம். நான் 'பூணூல்' என்று கிண்டல் செய்தது இதைத்தான்.

இரண்டு வாரம் கழித்து மாமாவே பேசினார். "ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு வா." போனேன். எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். கையில் துடுப்பைக் கொடுத்தார். ஒரு மாசம் துடுப்புதான். காற்று எப்படித் தள்ளுகிறது, ஏத்தம் வத்தத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தோள்பட்டை வலித்தால்தான் புரியும் என்பது அவர் கொள்கை. கழிமுகத்து மணல் திட்டு ஒவ்வொரு மழைக்கும் புயலுக்கும் இடம் மாறும். போன மாசம் ஆழமாக இருந்த இடம் இந்த மாசம் முழங்கால் அளவு இருக்கும். தண்ணீர் வெளியே வடியும்போது கடலிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால், முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்புறம்தான் எஞ்சின். ஒரு காலி ஐந்து லிட்டர் கேனைத் தண்ணீரில் போடுவார். "ஆளு உழுந்துட்டான்!" என்று கத்துவார். ஒருத்தர் கேனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதக்கிற ஏதாவது ஒன்றை எறிய வேண்டும். சுற்றி வந்து, காற்றுக்கு எதிர்முகமாக, நடக்கிற வேகத்தில் அணுக வேண்டும். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டும். நியூட்ரல் போதாது, நிறுத்த வேண்டும். முதல் நாள் அந்தக் கேனை நான் நாலு தடவை 'கொன்றேன்'. இப்போது பரவாயில்லை.

மாமா சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன். பிட் பேப்பர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தைகூடக் கூடாது. தகடு இல்லாத படகில் ஏறாதீர்கள். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், அளவு சரியாக, பக்கிள் மாட்டி. நீச்சல் தெரியும் என்பது காரணமே இல்லை. தலையில் அடிபட்டவனுக்கு நீச்சல் தெரியாது. குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்தான், பெரியது கழன்று மேலே ஏறிவிடும்.

விளிம்பில் உட்காரக் கூடாது, நிற்கக் கூடாது. எடையை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்க வேண்டும். திரும்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். (இதை நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.)

பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. கிளம்புவதற்கு முன் கரையில் ஒருத்தரிடம் எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வானிலை மையத்தின் அறிவிப்பையும், ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். குடித்த பயணியும் ஆபத்துதான், முதலில் எழுந்து ஆடுவது அவன்தான்.

கவிழ்ந்துவிட்டால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு மிதங்கள். தேடி வருகிறவர்களுக்குத் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. போனை ஜிப் கவரில் போட்டு வைத்தால்தான் அந்த எண்ணால் பயன்.

கடைசியாக, அது நமக்கு மட்டும் சொந்தமான தண்ணீர் இல்லை. நாம் கிளப்பும் அலை கரையோரம் கட்டியிருக்கிற படகை முட்ட வைக்கும். நாம் வெட்டிவிட்டுப் போகும் வலை ஒரு குடும்பத்தின் ஒரு மாசத்துச் சம்பாத்தியமாக இருக்கலாம். உப்பளத்துப் பக்கம் கரையெல்லாம் மண்தான், அலை அடித்தால் கரையும். கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் அது ராம்சார் ஈரநிலமும் ஆனது. எங்கிருந்தோ பறந்து வந்து இரை தேடுகிற பறவையைச் சும்மா ஒரு வீடியோவுக்காக எழுப்பிப் பறக்கவிடுவது, தூங்குகிறவன் முகத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. நாங்கள் அந்தப் பக்கம் போட்டைத் திருப்புவதே இல்லை.

இப்போது கடைசி வருஷம். இன்னும் கொஞ்ச நாளில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். போன வாரம் 'செல்ஃபி'யைக் காலேஜுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னதுக்கப்புறம், நான் நெஜமாவே நின்னேன்னுதான்டா நெனச்சுட்டிருந்தேன். எழுந்து நின்ன மாதிரி ஞாபகமே இருக்கு" என்றான். அப்புறம், "அதான் அதுக்கப்புறம் நான் எந்தப் போட்டுலயும் ஏறல. பிச்சாவரம் டூர்லகூட கரையில உக்காந்திருந்தேன். நமக்குக் கவனம் பத்தாது, எதுக்கு வம்புன்னு" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷமாக ஒருத்தனுடைய ஞாபகத்தில் என் பொய்யை வைத்து ஓட்டியிருக்கிறேன். ப்ரொப்பெல்லர் அவனைத் தொடவில்லை. நான் தொட்டிருக்கிறேன்.

"எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுது" என்றான். எழுதிவிட்டேன். அவன் பெயரை மட்டும் போடவில்லை, அவனே கேட்டுக்கொண்டதால். வகுப்பில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும். இனிமேல் அவனை 'செல்ஃபி' என்று கூப்பிடாதீர்கள். யாருக்காவது பட்டப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் நான் இருக்கிறேன்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "அடுத்த காணும் பொங்கலுக்குக் கூட்டிட்டு வா அந்தப் புள்ளய. மொதல்ல அவன ஏத்துவோம்" என்றார். அவனும் வருகிறேன் என்றிருக்கிறான். பக்கிள் மாட்டுவதைத் தானே இரண்டு தடவை சரி பார்ப்பானாம்.

மற்றவர்களும் வரலாம். அம்மா கருவாட்டுக் குழம்பு ரெடி. ஆனால் ஒரு சுற்றுக்கு ஆறு பேர்தான். ஓட்டுகிற எனக்கும், கயிற்றின் மேல் ஒரு கண் வைத்திருக்கிற மாமா பையனுக்கும் போக மீதி நாலு சீட். வரிசையில் வரவும் :-)